அப்பாவின் பாலிசியில் யார் பெயர்?

அப்பா 21 வருஷம் ஆர்மியில் இருந்துவிட்டுப் பென்சனோடு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பியவர். காப்புறுதிப் பேச்சை எடுத்தாலே, "எனக்கு ஒன்னு ஆச்சுன்னா அம்மாவுக்குப் பென்சன் வரும், பிறகென்ன?" என்பார். பென்சன் மாதச் செலவுக்கு. வீட்டுக் கடனும் தம்பியின் படிப்பும் மொத்தமாக வந்து நின்றால்? சேவையில் இருக்கும்வரை தாபோங் அங்காத்தான் தெந்தெரா என்ற ராணுவத்தினர் சேமநிதி வழியாக இறப்பு உதவித்தொகை உண்டு. வேலையை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். மிச்சம் இருந்தது, கல்யாணத்துக்கு முன் கேம்பில் அப்பா எடுத்த ஆயுள் காப்புறுதி மட்டும்தான்.

பழைய ஃபைலைத் திறந்தேன். பணத்தைப் பெறும் வாரிசாக (நாமினி) பாட்டியின் பெயர். பாட்டி எப்போதோ இறந்துவிட்டார். 2013 நிதிச் சேவைச் சட்டப்படி, பாலிசிதாரருக்கு முன்னால் வாரிசு இறந்தால் அந்த நியமனம் செல்லாது. அப்படியே விட்டிருந்தால் பணத்தைப் பெற அம்மா சொத்து நிர்வாகப் பத்திரத்துக்கு அலைய வேண்டி வந்திருக்கலாம். முஸ்லிம் அல்லாதவர் மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால் பணம் அவர்களுக்கென்றே ஒதுக்கிய அறக்கட்டளை (டிரஸ்ட்) ஆகிவிடும், அப்பாவின் கடன்காரர்கள்கூட அதைத் தொட முடியாது. இதைச் சொன்ன பிறகுதான் அப்பா அசைந்தார்.

வாரிசு நியமனப் பாரம் ஒரே பக்கம்தான். சாட்சிக் கையெழுத்து 18 வயது நிரம்பிய, வாரிசு அல்லாத ஒருவர் போட வேண்டும். பக்கத்து வீட்டு மாமா போட்டார்.

சிக்கல் அம்மாவின் பெயரில்தான். எஸ்டேட்டில் பிறந்தவர். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்தபடி எழுதிய பெயர் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரம்) ஒன்று, ஐசியில் (அடையாள அட்டை) ஒன்று, கல்யாணப் பத்திரத்தில் இன்னொன்று. நம் தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேருக்கு இந்த நிலை! நியமனத்துக்கு ஐசி பெயரும் எண்ணும் போதும் என்றார்கள். ஆனால் பணம் கேட்கும் நாளில் கல்யாணப் பத்திரத்தையும் கேட்கலாம். துக்க வீட்டில் அம்மாவை நிறுத்தி "இது நீங்கதானா?" என்று யாரும் கேட்கக்கூடாது. இரண்டு பேரும் இருக்கும்போதே பெசுருஜாயா சும்பாவிடம் (சத்தியப் பிரமாண ஆணையர்) போய், எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று சூராட் அக்குவான் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) எழுதி வாங்கினோம்.

இதற்கிடையே ஒரு ஏஜென்ட், பழையதை முடித்துவிட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னார். அப்பாவுக்கு இனிப்புநீர். இந்த வயதில் புதுப் பாலிசி என்றால் பிரிமியம் எகிறும், மறுக்கவும் செய்யலாம். வேண்டாம் என்றுவிட்டேன். சம்பளப் பிடித்தம் நின்றுபோனதால் பிரிமியத்தை மட்டும் பேங்க் கணக்கில் கழிய வைத்தோம்.

பாரத்தைக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். வாரிசு பதிவானதாகக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அதன் நகல் இப்போது அம்மாவின் கையில் இருக்கிறது.