கிள்ளானிலிருந்து சென்னைக்கு, குழந்தை வளர்ச்சி படிக்க

மலேசியாவின் கிள்ளானில் பாலர் பள்ளி நடத்தும் என் பெரியம்மா, நான் சென்னையில் குழந்தை வளர்ச்சி படிக்கப் போகிறேன் என்றதும் கேட்டது ஒன்றுதான்: "ஏபிசி சொல்லிக்கொடுக்க அவ்வளவு தூரம் போகணுமாம்மா?"

வந்து இறங்கியதும் காகித வேலை. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில், அதாவது வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில், பதிய வேண்டும். நாம் அங்கே படிக்கிறோம் என்று கல்லூரி தரும் போனபைட் சான்றிதழையும், நாம் அங்கே தங்குகிறோம் என்று ஹாஸ்டல் பதியும் சி-ஃபார்மையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். மற்றபடி ஊர் பழகிவிட்டது. என் பேச்சைக் கேட்கும் ஆட்டோக்காரர்களில் பாதிப்பேர் "சிலோனா?" என்பார்கள். மலேசியா என்றால், அங்கே சம்பளம் எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும்.

வகுப்பில் பியாஜே, வைகோட்ஸ்கி போன்ற உளவியலாளர்களின் கோட்பாடுகள் எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் படிப்பு புரிந்தது அங்கன்வாடியில்தான். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் இவை. பேட்டையில் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். ஒரே அறையில் பாட்டு, சத்துமாவு, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளின் பதிவேடு. அங்கிருந்த டீச்சரக்கா கைச்சுற்றளவு நாடாவைக் குழந்தையின் மேற்கையில் சுற்றிக் காட்டினார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்கு அது 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. குழந்தை அழாமலிருக்க அவர் ஒரு கையால் கிலுகிலுப்பையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை!

திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணையையும் அங்கேதான் பழகினேன். குழந்தையின் வயதில் மேலிருந்து கீழாக ஒரு பென்சிலை வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துவிடும், அதாவது அந்த வயதுக்குள் வந்திருக்க வேண்டிய ஒரு செயலை, உதாரணமாகத் தலை நிற்பதை, குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்கச் சொல்லி அனுப்புகிறோம். நோயின் பெயரை நாம் சொல்லக் கூடாது. இந்த எல்லையை இங்கே கறாராகச் சொல்லித்தருகிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

சரி, வேலை? பட்டம் மட்டும் கையில் இருந்தால் மழலையர் பள்ளி, தொண்டு நிறுவனம், குழந்தைகள் இல்லம், பாடத்திட்டம் எழுதுவது என்று போகலாம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்வியாளர் ஆக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற தனிப் படிப்பும் அதன் பதிவும் வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் அப்படிப்பட்ட படிப்புகளை நடத்துகிறது. பேச்சுப் பயிற்சியாளர் என்பது ஆரம்பத்திலிருந்தே வேறு பட்டம். பாதி வழியில் தாவ முடியாது. சேரும்முன் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, விளம்பரத் தாளில் எல்லாமே ஒரே வரியில் இருக்கிறது.

எங்கள் ஊர் திரும்புவோருக்கு இன்னொரு கணக்கு. நான்கு வயதுக்குட்பட்டோருக்கான தஸ்கா என்னும் குழந்தைப் பராமரிப்பு மையம் சமூக நல இலாகாவின் கீழ், அதற்கு மேற்பட்ட பாலர் பள்ளி கல்வி அமைச்சின் கீழ். எதில் சேரப்போகிறோம் என்று முன்கூட்டியே யோசித்தால் நல்லது. எனக்கு தஸ்கா பக்கம்தான் மனம் போகிறது. மாணவர் விசாவில் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது என்பதால், களப்பயிற்சி நேரங்களை அந்தந்த மையத்தின் முத்திரையோடு ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.