பாட்டி கேட்ட கணக்கு

எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் கட்டட நிதியை எடுத்து ஜனங்களுக்கு அரிசி வாங்கலாம் என்று, அந்தச் சபையின் போதகராக இருந்த நான் சொன்னபோது கமிட்டியில் பெரிய எதிர்ப்பு இல்லை. 2020 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு கழிந்த வாரம். கொரோனா ஊரடங்கில் பீடிக்கடைகள் மூடிக் கிடந்தன. இலையும் தூளும் வாங்கிவந்து சுற்றிக் கொடுத்தால்தான் கூலி. எங்கள் சபையில் பல வீடுகளில் அடுப்பு எரிவது அதில்தான். பொருளாளர் மட்டும், "கோபுரத்துக்குன்னு வந்த பணம் ஐயா, பொருத்தனைன்னு நேர்ந்து போட்ட பணமும் அதுல இருக்கு" என்றார். "சபைன்னா ஜனங்கதானே, ஜனங்களுக்குத்தானே போகுது" என்றேன். போனிலேயே பேசி முடித்தோம்.

பைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு திண்ணையில் வைத்தபோது அந்தப் பாட்டி, "இது எந்தத் துட்டு ஐயா?" என்று கேட்டார். சொன்னேன். பேசாமல் உள்ளே போய் பைபிளை எடுத்துவந்தார். சங்கீதங்களுக்கு நடுவே கட்டட நிதி ரசீதுகள். இருபது ரூபாய், ஐம்பது ரூபாய், ஒன்றில் மட்டும் நூறு. ஓரங்களில் புகையிலைக் கறை.

"நான் கோயிலுக்குன்னுல்லா போட்டேன். அது எனக்கே அரிசியா வந்தா, நான் ஆண்டவருக்கு என்னத்தப் போட்டேன்?"

"பாட்டி, நீங்கதான் கோயில்" என்றேன்.

"அது சரி ஐயா" என்றார். பையை வாங்கிக்கொண்டார். ஆனால் அதில் சம்மதம் இல்லை. நம்மிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்யும்போது வருகிற "அது சரி" அது.

நான் சொன்னதில் பிழை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டிலும் பிலேமோன் வீட்டிலும் கூடிய சபைகளைப் பவுல் வாழ்த்துகிறார். அங்கே கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. நம் திருநெல்வேலியிலேயே 1830-ல் ஜெர்மன் மிஷனெரி ரேனியுஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கம், ஜெபவீடு கட்ட மட்டுமா நிலம் வாங்கியது? விசுவாசிகள் பயமில்லாமல் குடியிருக்கவும் வாங்கியது. கோயில் காசும் ஜனங்களின் காசும் அன்று ஒரே மடியில்தான் இருந்தன. அந்த வாரம் பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சித்தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்த தாயைப் பார்த்தவன் நான். வங்கியில் பணத்தை வைத்துக்கொண்டு அவளுக்காக ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு வர என்னால் ஆகாது.

ஆனால் "நீங்கதான் கோயில்" என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் இருக்கிறதல்லவா? ஊரடங்கு மாதங்களில் ஆளில்லாத கோயிலுக்குள் நின்று, போனைப் பார்த்து, சபை கட்டடமல்ல என்று பிரசங்கம் செய்தவன் நான். எனக்கு உள்ளே போகச் சாவி இருந்தது. பாட்டியிடம் அந்தப் போனும் இல்லை. ஞாயிறு காலையில் முக்காடு போட்டு காம்பவுண்டு கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார் என்று, எனக்கு உதவியாகச் சபையைக் கவனித்த உபதேசியார் பிறகு சொன்னார்.

பாட்டியின் முன்னோருக்குப் பெரிய இந்துக் கோயில்களின் வாசல் அடைத்தே இருந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததே 1939-ல். அதற்கு வெகுகாலம் முன்பே, பனையோலை வேய்ந்த ஜெபவீட்டுக்குள் முன்வாசல் வழியாக நடந்து போன ஜனங்கள் அவர்கள். ஓலைக்குப் பதில் ஓடு, மண்சுவருக்குப் பதில் கல் என்று கைப்பிடி அரிசி சேர்த்துக் கட்டிய கட்டடம். ரேஷன் கடையிலும் பென்ஷன் வரிசையிலும் கையேந்தி நிற்கிற பெண், கொடுக்கிறவளாக நின்ற ஒரே இடம் அது. அந்த இடத்திலும் அவரை வாங்குகிறவராக ஆக்கிவிட்டேனோ?

இப்படி நினைக்கும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்துக் கட்டிய கோயிலும் காணிக்கைப் பணத்தில் எழுந்ததுதானே. கட்டடம் என்றாலே ஏழையின் மானம் என்று எழுதிவிட மனம் வரவில்லை. அந்தத் தாயின் பிள்ளைகளும் சபைதான், பாட்டியும் சபைதான். ஒருவருக்காகப் பேசினால் இன்னொருவருக்கு எதிராகப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது.

வருடக் கணக்கு முடிக்கும்போது பொருளாளர் கேட்டார்: "இதைச் செலவுன்னு எழுதவா, கடன்னு எழுதவா?" ஜனங்கள்தான் சபை என்றால் சபை தனக்குத்தானே கடன்பட முடியாது, செலவு என்பதுதான் என் பிரசங்கத்துக்குப் பொருந்தும். "கட்டட நிதிக்குத் தரவேண்டிய கடன்னு எழுதுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை ஏலத்திலிருந்து கொஞ்சம் அடைத்தோம். மீதி அடைவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்து வந்த போதகரிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது, அந்த வரியைத் தள்ளுபடி செய்துவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.