அம்மாவிடம் கேட்ட ஒப்புதல்

2023 ஆகஸ்ட் 3, வியாழன், டெல்லி

நம் சொந்தத் தகவல்களைக் கம்பெனிகள் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் தரவுப் பாதுகாப்பு மசோதா இன்று மக்களவைக்கு வந்துவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னபோது நான் சென்னையில் நிருபர். செய்தியை அடித்து அனுப்பியதோடு என் வேலை முடிந்தது. இப்போது ஒரு கம்பெனியின் மக்கள் தொடர்பும் சட்ட, கொள்கை விவகாரங்களும் என் பொறுப்பு. அந்தத் தீர்ப்பின் மிச்ச வேலை ஆறு வருஷம் கழித்து என் மேஜைக்கே வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தனிநபரை ஆண்பாலில் சொல்லாமல் பெண்பாலிலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்கையில் மனசு நிறைந்தது.

ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துவது உறுத்துகிறது. தனிப்பட்ட தகவலானாலும் பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே ஒரு வாசல் இருந்தது. அதை எடுத்துவிடுகிறார்கள். நான் எழுதிய எத்தனையோ செய்திகள் ஆர்டிஐ மனுவில் தொடங்கியவை. கம்பெனியின் கருத்துரையில் இதையும் சேர்க்கலாம் என்றேன். "நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று பதில் வந்தது. நிருபராக இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

ஆகஸ்ட் 9, புதன்

மாநிலங்களவையிலும் நிறைவேறியது. நாள் முழுக்க போன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: சட்டத்தை மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகுமா? போகும்.

ஆகஸ்ட் 12, சனி

நேற்று ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். தகவலைப் பயன்படுத்தலாமா என்று மக்களிடம் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் ஆப்பில் அப்படி ஒப்புதல் கேட்கும் தமிழ்த் திரையைக் கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மேற்கண்ட நோக்கங்களுக்காகத் தங்கள் தரவினைச் செயலாக்க இசைவளிக்கிறீர்கள்."

"என்னடி இது, பேங்க் லோன் பத்திரமாட்டம்?"

மாற்றி எழுதினேன். "பொருளைக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் உங்கள் போன் நம்பரை வைத்துக்கொள்வோம். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் அழித்துவிடுவோம்."

"இது புரியறது. நிஜமாவே அழிச்சுடுவாங்களா?"

ஆகஸ்ட் 14, திங்கள்

அம்மாவின் கேள்வியை அப்படியே எஞ்சினியர்களிடம் கேட்டேன். ஆப்பில் உடனே போய்விடும், பேக்கப்பில் எத்தனை நாள் இருக்கும் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அது தெரிகிறவரை "அழித்துவிடுவோம்" என்ற வரிக்கு நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. புதன்கிழமை மறுபடி உட்காருகிறோம்.