லிங்கன் கடையில் சித்தப்பாவின் ஆடிட்

அமெரிக்கா வந்த சித்தப்பாவுக்கு நயாகரா பிடிக்கவில்லை. "தண்ணி விழுது" என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டார். ஊரில் காலமெல்லாம் ஹார்டுவேர் கடை நடத்திய மனிதர். சரி, கடையையே காட்டுவோம் என்று இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் இருக்கிற நியூ சேலத்துக்குக் கூட்டிப்போனேன். ஆபிரகாம் லிங்கன் இருபது வயதுகளில் வில்லியம் பெரி என்பவரோடு கூட்டு சேர்ந்து கடை வைத்திருந்த கிராமம். அந்தக் காலத்து மரவீடுகளையும் கடைகளையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா உள்ளே நுழைந்த தோரணையே வரி ஆபீசர் ரெய்டு வந்த மாதிரி இருந்தது. பீங்கான், துணி, பீப்பாய், தராசு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு ஓர் ஆணியைக் கையில் எடுத்தார். உருண்டையாக இல்லை, பட்டையாக, கீழே போகப் போக ஒடுங்கி, முனை மழுங்கலாக இருந்தது. "இது பலகையைப் பிளக்காதுடா" என்றார். இரும்புத் தகட்டில் வெட்டி எடுத்த ஆணி, எடை போட்டுத்தான் விற்பார்கள் என்றார் வழிகாட்டிப் பெண். இதுவரைக்கும் சித்தப்பாவுக்குத் திருப்தி.

"முதல் எவ்வளவு போட்டாங்க?" என்றார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முதல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. 1832-33இல் இருவரும் பெரும்பாலும் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தே சரக்குப் பிடித்திருக்கிறார்கள். ராட்ஃபோர்டு என்பவர் கடையை ரவுடிப் பையன்கள் அடித்து நொறுக்க, அவர் வெறுத்துப்போய் கிரீன் என்பவரிடம் விற்றார். கிரீன் லாபம் வைத்து இவர்கள் தலையில் கட்டினார். அதுவும் பெரும்பகுதி கடனுக்கு!

"உடைஞ்ச கடையை லாபம் கொடுத்து வாங்கினாங்களா?"

அப்புறம் லிங்கன் புத்தகத்தில் மூழ்கினாராம், பெரி சரக்கில் மூழ்கினாராம். கடைச் சரக்கு இல்லை.

ஒரு பெண்மணியிடம் தவறுதலாக ஆறேகால் சென்ட் கூடுதலாக வாங்கிவிட்ட லிங்கன், கடை மூடியதும் மைல் கணக்கில் நடந்து போய்த் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. (ஸ்பானிஷ் வெள்ளிக்காசு புழங்கிய காலம், அதனால்தான் இந்தக் கால் கணக்கு.) வழிகாட்டி அதை உருகிச் சொன்னார். சித்தப்பா உருகவில்லை. "அடுத்த தடவை வரும்போது கழிச்சுக்கிட்டா ஆச்சு. செருப்புத் தேய்மானம் யார் கணக்கு?" என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. "ரொம்ப நெகிழ்ந்துட்டார்" என்று சொல்லி வைத்தேன்.

கடை நொடித்தது. 1835இல் பெரி இறந்துபோக, மொத்தக் கடன் சுமார் 1,100 டாலர் லிங்கன் தலையில் விழுந்தது. அதை அவரே 'தேசியக் கடன்' என்று கேலி செய்வாராம். இதற்கிடையில் 1834 தேர்தலில் நின்று மாநிலச் சட்டசபைக்குப் போய்விட்டார்.

"எம்.எல்.ஏ. ஆயிட்டாரா? அப்போ பாக்கி வராது" என்று சித்தப்பா கணக்கை முடித்துவிட்டார். அவர் கடையிலும் அப்படி ஒரு வாராக்கடன் இருக்கிறது, பெயர் சொல்ல மாட்டார்.

பல வருஷம் பிடித்தாலும் லிங்கன் முழுக் கடனையும் அடைத்துவிட்டார் என்றார் வழிகாட்டி. சித்தப்பா நம்பவில்லை. "எம்.எல்.ஏ. ஆனப்புறமுமா? அந்தப் பொண்ணுகிட்ட இன்னொரு தடவை கேளு" என்றார்.