ஆட்டியும் உதிராத நெல்

1978இல் ஆறாம் ஆண்டு படித்தபோது, வரலாறு எடுத்த ஐயா ஒருநாள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸ் வயலிலிருந்து நெற்கதிர்க் கட்டோடு வகுப்புக்கு வந்தார். ஒரு கதிரை என்னிடம் நீட்டி, "ஆட்டுப்பா" என்றார். ஆட்டினேன். ஒன்றிரண்டு மணிதான் விழுந்தது.

"காட்டு நெல்லா இருந்தா இந்நேரம் தரையெல்லாம் கொட்டியிருக்கும்."

காட்டு நெல் முற்றியதும் தானே உதிரும். அதற்கு அதுதான் விதைப்பு. உதிராமல் நின்ற கதிர்தான் அறுப்பவர் கைக்கு வரும். அதையே மறுபடி விதைத்தார்கள். தெரிந்து செய்ததில்லை. சீனாவின் யாங்சே ஆற்றுப் படுகையில் இந்த மாற்றம் முற்றுப்பெற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆனதாக இன்று சொல்கிறார்கள். அங்கிருந்து தெற்கே நகர்ந்த நெல் நம் மலாய்த் தீபகற்பத்துக்கு வந்து சுமார் 4,000 ஆண்டுகள்தான். நம் முன்னோர் ஊரான தமிழ்நாட்டுப் பக்கம் வேறு கதை: திருப்பத்தூர் மாவட்டப் பையம்பள்ளியில் புதிய கற்காலத்தார் கொள்ளும் பச்சைப் பயறும் விளைவித்திருக்கிறார்கள்.

அந்தப் பள்ளி விடுமுறையில் எங்களைக் குவார் கெப்பாவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். மூடா ஆற்றங்கரையில் பண்டைய மக்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்திருந்த இடம். சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததில் மேடுகள் கரைந்துபோயின. அங்கே கிடைத்த எலும்புகள் பலவும் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்விட்டன. அந்த வருத்தம் ஐயாவின் குரலில் தெரிந்தது.

"இவங்ககிட்ட பானை இருந்திருக்கு, தேய்ச்ச கல்கோடரி இருந்திருக்கு. ஆனா சாப்பாட்டுல முக்கால்வாசி கடல்லேருந்து. அப்ப இவங்க விவசாயியா, இல்லையா?"

எங்கள் பாடநூலில் புதிய கற்காலம் என்றால் விவசாயம், பானை, கோடரி மூன்றும் ஒரே மூட்டையாக வந்தன. ஐயா விடை சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு ஆற்றுக்கல் கொடுத்தார். ஈர மணல் தூவித் துவைகல்லில் தேய்க்கச் சொன்னார். நாங்கள் குடியிருந்த தோட்ட வரிசை வீடுகளான லயத்துப் பின்புறம் மூன்று வாரம் தேய்த்தேன், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. கடைசியில் முனை வழவழவென்று வந்து வாழைத்தண்டை வெட்டியது. மழுங்கினால் மறுபடி தேய்த்தால் போதும். உடைத்துச் செதுக்கிய கல்லுக்கு அந்த வசதி குறைவு. காடு வெட்டப் போனவனுக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

2017 ஏப்ரலில் அதே குவார் கெப்பாவில், காட்சியகம் கட்டத் தோண்டியபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 'பினாங்குப் பெண்' என்று பெயரிட்டார்கள். வயது 5,000 ஆண்டுகளுக்கும் மேல். நெல் இந்தப் பக்கம் வருவதற்கு முந்தியவள். செய்தியைப் படித்ததும் ஐயாவின் கேள்விதான் காதில் கேட்டது. அன்று என்னோடு கல் தேய்த்த நண்பனுக்குப் போன் போட்டேன். அரைமணி நேரம் அதையேதான் பேசினோம்.