இரண்டாவது இழுப்பறை

ஆகஸ்ட் 9, வியன்னா தாண்டி

ராத்திரி மூன்று மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்து, "ஷட்டரைத் தூக்கிட்டானா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஈரக் கான்கிரீட் சுவர். டான்யூப் ஆற்றில் கப்பலை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் லாக்குக்குள், அந்த மதகுத் தொட்டிக்குள், நிற்கிறோம். "தூக்கிட்டாங்கப்பா" என்றேன். படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

ஆகஸ்ட் 10, மெல்க்

நல்ல நாள். மடத்துக்கு வர மாட்டேன் என்று மேல்தளத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கப்பலைப் பற்றித்தான் பேச்சு. லாங்ஷிப் வகை, 2012-லிருந்து ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்துக் கட்டுகிறார்கள், பெரும்பாலும் வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களின் பெயர்: ஓடின், ஃப்ரேயா. நீளம் 135 மீட்டர், அகலம் 11.45. "ஏன் இவ்ளோ ஒல்லி தெரியுமா? மேல மைன்-டான்யூப் கால்வாய்ல லாக்கு அகலம் 12 மீட்டர்தான்." பேப்பர் நாப்கினில் கழித்து வகுத்தார்: பக்கத்துக்கு 27.5 சென்டிமீட்டர். கையை விரித்து, "ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட." மூக்கைக் கூராக்காமல் மழுங்கலாக விட்டு அங்கேயும் இடம் பிடித்திருக்கிறார்கள், நடைவழியை நடுவில் போடாமல் ஒரு பக்கமாகத் தள்ளியதில் பால்கனி கிடைத்திருக்கிறது. 95 அறை, 190 பேர்.

என் பெயருக்குத் தடுமாறுகிறவர் இதையெல்லாம் ஒரு தடவை கேட்டே பிடித்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 11

மேலே தண்ணீர் இல்லையாம். ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே 70 கிலோமீட்டர் அளவுக்கு அணையே கிடையாது, ஆறு தன் போக்கில் ஓடுகிறது. கோடையில் அங்கேதான் சிக்கல். "கட்டாம விட்டிருக்கான் பாரு" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

நாளை மறுநாள் பஸ்ஸில் ரேகன்ஸ்பூர்க். அங்கே இதே வகைக் கப்பல் ஒன்று நிற்கும். அதில் வந்தவர்கள் இதற்கு வருவார்கள். அறை எண் மாறாது.

ஆகஸ்ட் 12, பாசாவ்

பெட்டி கட்டினேன். அப்பா அவிழ்த்தார். மறுபடி கட்டினேன்.

ஆகஸ்ட் 13, ரேகன்ஸ்பூர்க்

அதே கம்பளம், அதே விளக்கு, ஷவர் குமிழ்கூட அதே பக்கம். அப்பா யாரையும் கேட்காமல் படியேறி, திரும்பி, நேரே அறைக்குப் போய் நின்றார். இந்தப் பயணத்தில் இதுதான் முதல் தடவை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார்.

அம்மாவின் திருநீற்றுச் சம்புடம். பித்தளை, மூடியில் ஒரு நெளிசல். நான்தான் எடுக்கவில்லை. சட்டைகளை எண்ணினேன், மாத்திரைகளை எண்ணினேன், இழுப்பறையைப் பார்க்கவில்லை.

"இங்கதான வெச்சேன்."

இங்கேதான் வைத்தார். கப்பல்தான் வேறே. அதை எப்படிச் சொல்வது? சொன்னேன். தலையாட்டினார். பத்து நிமிஷத்தில் மறுபடி திறந்தார். சாயங்காலம்வரை பதினோரு தடவை.

ஆகஸ்ட் 14

ரிசப்ஷன் பெண் அந்தக் கப்பலுக்குப் போன் போட்டாள். கேட்டுச் சொல்கிறார்களாம். அது வியன்னாவைப் பார்த்து இறங்கிக்கொண்டிருக்கிறது, நாங்கள் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் போனில்: "அதை எதுக்கு அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போனே?" வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, கால்வாய்

உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 406 மீட்டர். அங்கேயும் அப்பா கண்ணாடியில் கையை விரித்து வைத்துச் சுவரை அளந்தார். சாண் சரியாக இருந்தது போல, சிரித்தார்.

விளக்கணைத்த பிறகு: "திறந்து பாத்திருப்பாங்களா?"

"யாருப்பா?"

"நம்ம ரூம்ல இருக்கறவங்க."

ஆகஸ்ட் 16

எட்டு மணிக்குள் பெட்டியை வெளியே வைக்கணும். அப்பா இழுப்பறைப் பக்கமே போகவில்லை. நான் இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டேன். ரிசப்ஷன்