பாட்டாவின் பட்டா

பாட்டா (எங்கள் பக்கத்தில் தாத்தா) பெயரில் கிடந்த பன்னிரண்டு சென்ட் தென்னை விளையை எனக்கும் தங்கைக்குமாகக் கூட்டுப் பட்டா மாற்றப் பதினோரு மாதம் ஆனது. உட்பிரிவு கிடையாது, எல்லைத் தகராறு கிடையாது, சர்வேயர் வர வேண்டியதும் இல்லை. வெறும் பெயர் மாற்றம்.

வாரிசுச் சான்று, இறப்புச் சான்றுகளோடு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். இருபத்து நான்காம் நாள் குறுஞ்செய்தி: நிராகரிக்கப்பட்டது. காரணம், 'உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை'. எந்த ஆவணம் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டால் கணினியைக் காட்டினார்கள். கணினியில் அதே வரிதான் இருந்தது. தீர்வை ரசீதுகளையும் சேர்த்து மறுபடி 60 ரூபாய் கட்டினேன். அதே வரி திரும்பி வந்தது.

மூலப் பத்திரத்தைத்தான் கேட்கிறார்களோ என்று பெட்டியைத் துழாவினேன். அது மலையாளத்தில் இருந்தது. நாகர்கோவில் வடசேரியில் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே பிடித்து வாசித்தார். '1118 மீனம்' என்ற இடத்தில் நிறுத்தி, அது கொல்லம் ஆண்டு என்று 825-ஐக் கூட்டி 1943 என்றார். 1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூரில் இருந்த நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்வதற்கு முந்தைய காகிதங்கள் இங்கே பல வீடுகளில் இப்படித்தான் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவருகிறார்கள். அவரே எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்துக் கண்டுபிடித்தார். பத்திரத்திலும் இறப்புச் சான்றிலும் பாட்டாவின் முன்னெழுத்து 'பா.', பட்டாவில் 'ப.'.

"ஒரு துணைக்கால் விட்டுப்போனதற்கு உங்கள் கால் தேய்ந்திருக்கிறது" என்றார்.

அது அவர் ஊகம். உறுதி செய்துகொள்ள, 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டேன். இரண்டே கேள்விகள்: எந்த ஆவணம் குறை? முதல் விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது? சட்டம் 30 நாள் தருகிறது. 27-ஆம் நாள் பதில் வந்தது. துணைக்கால்தான். இன்னொரு பதில் சுவையானது. அந்த இருபத்து நான்கு நாளில் பத்தொன்பது நாள் விண்ணப்பம் ஒரே மேசையில் திறக்கப்படாமலே இருந்திருக்கிறது.

ஆத்திரத்தோடு போனேன், போனதும் பாதி அடங்கியது. அந்த மேசைக்காரர் பக்கத்துக் காலி மேசையையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். எங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கும் இரண்டு கிராமங்கள். சரி, ஆள் பற்றாக்குறை அந்தப் பத்தொன்பது நாளுக்குப் பதில் சொல்லும். காரணத்தை எழுதாமல் திருப்பியதற்குச் சொல்லாது. 'முன்னெழுத்து வேறுபடுகிறது' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் என் இரண்டாவது விண்ணப்பமே அவர்களிடம் போயிருக்காது.

இதை அங்கே யாரோ ஒருவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புதிதாக மாற்றலாகி வந்த உதவியாளர் ஒருவர், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எந்த விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். தாள்களை நீட்டினால் குறையைப் பென்சிலால் வட்டமிட்டு அப்போதே கையில் கொடுத்துவிடுவார். என் தாளில் 'ப.'வைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் 'இருவரும் ஒருவரே – வி.ஏ.ஓ. அறிக்கை'. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனை மாதம் இதற்காக அலைந்தேன்!

கிராம நிர்வாக அலுவலர் எங்கள் ஊரில் உட்காரும் செவ்வாய்க்கிழமையில், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவரிடம் வாக்குமூலம் வாங்கி அறிக்கை எழுதினார். மூன்றாவது விண்ணப்பம் பதினாறே நாளில் முடிந்தது.

இணையத்தில் இறக்கி அச்செடுத்த பட்டாவை அம்மாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதில் சீல் இல்லையே மக்களே?"

மூலையில் இருந்த கியூஆர் கட்டத்தைக் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பிறகு அதை மடித்து, 1118 மீனத்துப் பத்திரத்துக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.